குறுகிய வழியும் நேரிய வழியும்

ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வதற்கு மிகக் குறுகிய வழி எது என்று கேட்டால், நேர்வழியே என்று சிறு பிள்ளையும் விடை கூறும். வயல் வரம்பிலும் ஊர்த் தெருவிலும் அந்த விடை பொய்ப்பதில்லை. ஆனால், கரை கண்ணுக்கு மறைந்தபின் ஆயிரக்கணக்கான மைல் நீர்வெளியைக் கடந்து செல்லவேண்டிய மாலுமிக்கு அவ்விடை போதாது. அவன் முன்னே விரித்து வைத்திருக்கும் கடற்படத்தில் அடிமட்டம் வைத்துக் கீறிய நேர்கோடு ஒன்று. உலக உருண்டையின்மீது நூலை இறுகப் பிடித்துக் கண்ட வழி இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல. முன்னது செல்வதற்கு எளியது. பின்னது தூரத்தாற் குறைந்தது. இவ்விரண்டில் எதனைத் தெரிந்துகொள்வது என்னும் கேள்வி, கணித ஆசிரியரின் கரும்பலகையோடு முடிந்துவிடும் கேள்வியன்று. பல நூறு மக்களின் உயிர் அதன் விடையைப் பற்றி நின்ற காலங்களும் உண்டு.

நேயர்கள் தோடம்பழம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டால் இதன் அடிப்படை எளிதில் விளங்கும். காம்பு இருந்த இடத்தை வடதுருவம் என்றும், அதற்கு நேர் எதிர்ப்புறத்தைத் தென்துருவம் என்றும், பழத்தின் இடுப்பைச் சுற்றிவரும் கோட்டை மத்தியகோடு என்றும் கொள்க. காம்புக்கும் இடுப்புக்கும் இடையே, காம்பிலிருந்து ஒரே தூரத்தில், பழத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு குண்டூசிகளைக் குத்துக. ஒரு குண்டூசியிலிருந்து மற்றதற்கு நூல் ஒன்றை இறுக இழுத்துப் பிடித்தால், அந்நூல் பழத்தின் பக்கத்தைச் சுற்றிச் செல்லாது. காம்பின்மேல் ஏறி மறுபுறம் இறங்கும். அதுவே குறுகிய வழி.

உலகத்தில் இதன் அளவைப் பார்ப்போமாயின் வேறுபாடு நன்கு புலப்படும். வடக்கே 60 பாகை அகலக்கோட்டில், உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடங்கள் இருப்பதாகக் கொள்வோம். அந்த அகலக்கோட்டின் வழியே நேர் கிழக்காகச் சென்றால் தூரம் 5,400 கடல் மைல். துருவத்தின் மேலாகச் சென்றால் 3,600 கடல் மைல் மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு வழி மிச்சமாகிறது. துருவத்திலே பனி உறைந்து கிடப்பதால் கப்பல் அவ்வழியே செல்ல இயலாது என்பது வேறு செய்தி. அச்செய்தி பின்னர் வரும்.

பழத்தை அதன் மையத்தினூடாக இரண்டு சமபாதியாக வெட்டினால், வெட்டிய விளிம்பில் ஒரு வட்டம் தோன்றும். உருண்டையின்மீது கீறக்கூடிய வட்டங்களில் அதனினும் பெரியது இல்லை. ஆதலால் அதற்குப் பெருவட்டம் என்று பெயர். இறுக இழுத்த நூல் எப்பொழுதும் ஒரு பெருவட்டத்தின் துண்டாகவே அமையும். இவ்வழியே செல்வது பெருவட்ட வழி எனப்படும்.

அப்படியாயின் மாலுமிகள் எல்லோரும் அவ்வழியையே பற்றிச் செல்லாதது ஏன்? திசைகாட்டியே அதற்குக் காரணம். சுக்கான் பிடிப்பவனுக்குக் கப்பற்றலைவன் இடக்கூடிய எளிய கட்டளை, “இன்ன திசையில் வைத்திரு” என்பதே. கப்பலின் முகத்தை வடக்குத் திசையோடு எப்பொழுதும் ஒரே கோணத்தில் வைத்துச் சென்றால் உண்டாகும் வழியை மாறாத்திசை வழி எனலாம். பெருவட்ட வழி அவ்வாறு அமைவதில்லை. நெடுங்கோடுகள் யாவும் துருவங்களை நோக்கி ஒடுங்குகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பெருவட்டம், ஒவ்வொரு நெடுங்கோட்டையும் வேறு வேறு கோணத்திலே வெட்டுகிறது. காலையில் வடகிழக்கு நோக்கிப் புறப்பட்டவன், நாட்கள் செல்லச் செல்லக் கிழக்கு நோக்கித் திரும்பி, ஈற்றில் தென்கிழக்காக முடிக்கவேண்டி நேரும். திசை கணந்தோறும் மாறுகின்ற ஒரு வழியைத் திசைகாட்டியின் ஊசியை மட்டும் நம்பிப் பின்பற்றுதல் எங்ஙனம்?

இவ்விரண்டு வழிகளும் வெவ்வேறானவை என்பதைத் தெளிவாக ஆராய்ந்து எழுதியவர், போர்த்துக்கல் நாட்டுக் கணித அறிஞர் பேதுரோ நூனெஸ் என்பவர். 1537ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், மாறாத்திசை வழி உருண்டையின்மீது ஒரு நேர்கோடோ வட்டமோ அன்று, துருவத்தை நோக்கிச் சுற்றிச் சுற்றிச் செல்லும் ஒரு சுருள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அச்சுருளை மாலுமியின் கையில் நேர்கோடாக மாற்றிக் கொடுத்தவர் மேர்க்கேற்றர். 1569ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட உலகப் படத்தில், துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல அகலக்கோடுகளுக்கு இடையிலுள்ள வெளி விரிந்துகொண்டே போகும். அதனால் நாடுகளின் பருமை பொய்யாகிறது. வடகோடியில் உள்ள கிறீன்லாந்து பேருருக் கொள்கிறது. ஆனால் திசை மட்டும் பொய்ப்பதில்லை. இரண்டு துறைகளை ஒரு நேர்கோட்டால் இணைத்து, அக்கோட்டின் கோணத்தை அளந்து, அத்திசையிற் கப்பலை வைத்தால், எண்ணிய துறைக்கே சென்று சேரலாம். 1599ஆம் ஆண்டில் எட்வேட் றைற் என்னும் ஆங்கிலேயர் இதற்குரிய கணிதத்தை அட்டவணைகளாக வெளியிட்டார். அன்று தொடங்கி அப்படமே மாலுமியின் கைவிளக்காயிற்று.

எனினும் அவ்விளக்கின் அடியில் ஒரு நிழலும் உண்டு. அப்படத்தில் நேராகத் தோன்றும் வழி குறுகியதன்று. குறுகிய பெருவட்ட வழியோ அப்படத்தில் வில்லைப்போல் வளைந்து, வேண்டாத சுற்றுவழி போலத் தோன்றும்.

இந்த வேறுபாடு எங்கும் ஒரே அளவினதன்று. மத்தியகோடு தானே ஒரு பெருவட்டம். அதன் வழியே செல்பவனுக்குத் திசையும் மாறுவதில்லை. நெடுங்கோடுகளும் அத்தகையனவே. ஆகவே மத்தியகோட்டின் அருகிலும், வடக்குத் தெற்காகச் செல்லும் பயணங்களிலும், இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திரமுனை வெளிச்சவீட்டின் எதிரே கிழக்கு நோக்கிச் செல்லும் கப்பல்களைக் கரையில் நிற்பவர் காணலாம். அங்கிருந்து சுமாத்திராவின் வடமுனை ஏறக்குறைய 865 கடல் மைல். இரண்டு இடங்களும் 6 பாகை வடக்கை ஒட்டியே இருக்கின்றன. அவ்வளவு தூரத்துக்கும் பெருவட்ட வழியால் மிச்சமாவது ஐம்பது மீற்றர் தானும் இல்லை. கப்பல் ஒன்றின் நீளத்துக்கும் அது காணாது. பருவக்காற்றை நம்பி இக்கடலில் ஓடிய பண்டைய மாலுமிகள், ஒரே திசையைப் பற்றிச் சென்றதால் இழந்தது ஒன்றுமில்லை.

மத்தியகோட்டை விட்டு வடக்கிலோ தெற்கிலோ நெடுந்தூரம் விலகி, அங்கே கிழக்கு மேற்காகப் பயணஞ் செய்யும்பொழுதே கேள்வி கூர்மை பெறுகிறது. அதற்குச் சிறந்த சான்று, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் பாய்க்கப்பல்கள் ஓடிய வரலாறு.

1851ஆம் ஆண்டில் விக்டோரியாவிலே பொன் அகப்பட்டது. இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினர். அக்காலத்தில் அப்பயணம் நூறு நாளுக்கு மேற்பட்டது; நான்கு மாதம் சென்றாலும் வியப்பில்லை. கீழ்த்தட்டில் நெருங்கிக் கிடந்த மக்களிடையே நோய் தோன்றினால் அது கரை காணும்வரை தணியாது. குடிநீர் கெடும், புத்துணவு தீரும், முதலில் மாள்பவர் குழந்தைகளே. ஆதலால் பயணத்திற் குறையும் ஒவ்வொரு நாளும் உயிர்களைக் காக்கும் நாள்.

வழக்கமான வழி, நன்னம்பிக்கை முனையை அடுத்துச் சென்று, பின்னர் 39 பாகை தெற்கை ஒட்டிக் கிழக்கே ஓடுவது. படத்தில் அது நேரிய வழி. இதனை மாற்ற முனைந்தவர்களில் ஒருவர் ஜோன் தோமஸ் தவுசன். டெவன்போட்டிலே மணிக்கூட்டுத் தொழில் செய்த அவர், கடலோடிகளுக்குரிய கணிதத்திலே மனத்தைச் செலுத்தினார். பெருவட்ட வழி குறுகியது என்பதைக் கற்றோர் அறிந்திருந்தனர். ஆனால் ஆடுகின்ற கப்பலில் விளக்கொளியிலிருந்து அதற்குரிய கணக்கைச் செய்வது பெருந்தொல்லை. அத்தொல்லையை நீக்கும் அட்டவணைகளைத் தவுசன் வகுத்தார். 1840களின் பிற்பகுதியில் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் அவற்றை வெளியிட்டது. பின்னர் லிவர்பூலிலே கப்பற்றலைவர்களைப் பரீட்சிக்கும் பதவி அவருக்குக் கிடைத்தது. அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் தலைவர்கள் பலர் அவர் கருத்தைக் கேட்டறிய அது வாய்ப்பாயிற்று.

கணக்கு என்ன கூறுகிறது? கேப்ரவுணிலிருந்து மெல்பேர்ண்வரை மாறாத்திசை வழி ஏறக்குறைய 6,140 கடல் மைல். பெருவட்ட வழி ஏறக்குறைய 5,550. மிச்சம் 590 மைல். நல்ல காற்றில் ஓடும் பாய்க்கப்பலுக்கு அது இரண்டு மூன்று நாளைய ஓட்டம். அதனினும் பெரிய இலாபம் ஒன்றும் இருந்தது. தெற்கே செல்லச் செல்ல மேல்காற்று ஓயாது வலுத்து வீசும். குறுகிய வழியும் வலிய காற்றும் ஒரே பக்கத்தில் நின்றன.

1852ஆம் ஆண்டு யூலை மாதம் 4ஆம் நாள், ஜேம்ஸ் போர்ப்ஸ் என்பவரின் தலைமையில் ‘மார்க்கோ போலோ’ என்னும் கப்பல் லிவர்பூலை விட்டுப் புறப்பட்டது. நன்னம்பிக்கை முனையை நாடாமல், அதற்கு வெகு தெற்கே சென்று, மேல்காற்றைப் பற்றிக்கொண்டு ஓடிற்று. செப்டெம்பர் 18ஆம் நாள், எழுபத்தாறாம் நாளில், மெல்பேர்ணை அடைந்தது. திரும்பும்போது வந்த வழியே செல்லவில்லை. வந்த வழி குறுகியதேயாயினும், மேல்காற்று அங்கே முகத்தில் அறையும். ஆகவே மேலும் கிழக்கே ஓடித் தென்னமெரிக்காவின் ஓண் முனையைச் சுற்றி, ஆறு மாதம் நிறையுமுன் லிவர்பூலுக்கு மீண்டது. உலகையே வலம்வந்த அப்பயணம் துறைமுகத்தையெல்லாம் வியப்பில் ஆழ்த்தியது. பாய்க்கப்பலுக்குக் கணிதம் மந்திரி. காற்றே அரசன் என்பதும் அதனாற் புலனாயிற்று.

ஆயினும் அக்கப்பலில் சென்ற குழந்தைகள் பலர் சின்னமுத்து நோய் கண்டு வழியிலே இறந்தனர். எழுபத்தாறு நாளே அத்தனை பேரைப் பலிகொண்டதாயின், நூற்றிருபது நாள் எத்தனை பேரைக் கொண்டிருக்கும் என்று எண்ணும்போது, விரைவை நாடிய தலைவர்களை வெறும் புகழாசை கொண்டோர் எனத் தள்ளிவிட முடியாது.

இனிப் பேரேட்டின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். கேப்ரவுணிலிருந்து மெல்பேர்ணுக்குச் செல்லும் முழுப் பெருவட்ட வழி, நடுவிலே 58 பாகை தெற்குவரை இறங்குகிறது. அது பனிப்பாறைகள் மிதக்கும் கடல். கொடுங்குளிரில் பாய்க்கயிறுகள் இரும்புபோல் விறைக்கும். மாலுமிகளின் விரல்கள் மரத்துப்போகும். இரவும் மூடுபனியும் ஒன்றுசேர்ந்த வேளையில், முன்னே இருப்பது நீரோ பனியோ என்று அறியும் கருவி அக்காலத்தில் இல்லை; கூரிய கண் ஒன்றே காவல். 1855ஆம் ஆண்டில் லிவர்பூலிலிருந்து மெல்பேர்ணுக்குப் புறப்பட்ட ஒரு கப்பல் கரை சேரவே இல்லை. அதன் பெயர் ‘கைடிங் ஸ்ரார்’. வழிகாட்டும் விண்மீன் என்பது பொருள். அதில் நூற்றுக்கணக்கான குடியேறிகள் இருந்தனர். தென் அத்திலாந்திக்கில் மிதந்த பெரும் பனித்திரளில் அகப்பட்டு அது அழிந்திருக்க வேண்டும் என்பதே கடலோடிகளின் கருத்து.

நேரிய வழியிற் சென்றால் நோய். குறுகிய வழியிற் சென்றால் பனி. இந்த இக்கட்டுக்குத் தவுசனே ஒரு தீர்வையும் காட்டினார். அதனைக் கூட்டுவழி எனலாம். இதற்குத் தெற்கே போவதில்லை என்று தலைவன் முதலில் ஓர் எல்லையை வரையறுத்துக்கொள்கிறான். புறப்பட்ட இடத்திலிருந்து அந்த எல்லைக்கோட்டை மெல்லத் தொடும் பெருவட்டத்தின் வழியே இறங்குகிறான். தொட்டபின், அக்கோட்டின் வழியே நேர் கிழக்காக ஓடுகிறான். உரிய இடத்தில் இன்னொரு பெருவட்டத்தைப் பற்றி வடக்கே ஏறிச் சேருமிடத்தை அடைகிறான்.

இதன் பயன் எவ்வளவு என்று கணித்துப் பார்த்தால் வியப்புண்டாகும். மேற்கூறிய பயணத்தில் 45 பாகை தெற்கை எல்லையாகக் கொண்டால், தூரம் ஏறக்குறைய 5,740 கடல் மைல் ஆகும். முழுப் பெருவட்டம் மிச்சப்படுத்தும் 590 மைலில் 400 மைல் இதிலேயே கிடைத்துவிடுகிறது. எஞ்சிய 190 மைலைப் பெறுவதற்கு மேலும் 13 பாகை, அதாவது 780 கடல் மைல், தெற்கே பனிக்குள் இறங்கவேண்டும். இலாபத்தின் பெரும்பகுதி அபாயம் குறைந்த முற்பகுதியிலேயே இருக்கிறது. கடைசித் துளி இலாபத்துக்கே விலை மிக அதிகம். இதனை அறிந்து எல்லை வகுத்தவனே வல்ல மாலுமி.

வட அத்திலாந்திக்கில் இதே பாடம் வேறு வடிவிற் கற்பிக்கப்பட்டது. அயர்லாந்தின் தென்முனையிலிருந்து நியூயோர்க்குக்குப் பெருவட்டம் கீறினால் அது நியூபவுண்லாந்துத் தீவின் நிலத்தின் மேலாகவே செல்கிறது. அத்தீவின் தெற்கேயுள்ள கடலுக்கு இளவேனிற் காலத்தில் கிறீன்லாந்துப் பனிப்பாறைகள் மிதந்து வருகின்றன. ஆகவே அக்கடலை ஓட்டிய கப்பற் கம்பனிகள் 1898ஆம் ஆண்டில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. இளவேனிலில் மேற்கு நோக்கிச் செல்லும் கப்பல், பெருவட்ட வழியே 42 பாகை வடக்கு, 47 பாகை மேற்கு என்ற இடம்வரை தென்மேற்காகச் செல்லும். மாலுமிகள் அதனை ‘மூலை’ என்றே அழைத்தனர். மூலையில் திரும்பி, மாறாத்திசை வழியே அமெரிக்கக் கரையை நோக்கும். இருவழிகளையும் பொருத்திச் செய்த நல்ல ஏற்பாடு அது.

1912ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 14ஆம் நாள் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னர், ‘டைட்டானிக்’ கப்பல் அந்த மூலையிலே மேற்கு நோக்கித் திரும்பியது. அன்றிரவு 11 மணி 40 நிமிடத்தில் பனிப்பாறையில் மோதியது. 1,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் வகுத்த வழியை விட்டு வெகுதூரம் விலகியிருக்கவில்லை. அவ்வாண்டில் பனிதான் வழக்கமான எல்லையைக் கடந்து தெற்கே வந்திருந்தது. பனியைப் பற்றிய எச்சரிக்கைகள் கம்பியில்லாத் தந்தி மூலம் கிடைத்திருந்தும் வேகம் குறைக்கப்படவில்லை. எல்லையை ஒருமுறை வகுத்துவிட்டால் போதாது, அதனை நாள்தோறும் மெய்ப்பித்துக்கொள்ளவும் வேண்டும் என்பதை உலகம் அன்று கற்றது. கப்பல்களின் தடம் மேலும் தெற்கே தள்ளப்பட்டது. லண்டன் மகாநாட்டில் உருவாகி 1914ஆம் ஆண்டில் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின்படி, பனியைக் கண்காணிக்கும் சர்வதேசக் காவல் நிலைநிறுத்தப்பட்டது. அக்காவல் இன்றும் நடைபெறுகிறது.

பெருவட்ட வழியைத் தெரிந்துகொண்ட தலைவன் அதனை எவ்வாறு பின்பற்றுகிறான் என்பதையும் இங்கே கூறல் தகும். கப்பலைக் கணந்தோறும் திருப்பவேண்டுவதில்லை. அவனிடத்தில் இன்னொரு வகைப் படமும் உண்டு. அதில் பெருவட்டங்கள் நேர்கோடுகளாகத் தோன்றும். உருண்டையின் மையத்தில் ஒரு விளக்கை ஏற்றி, அதன் மேற்பரப்பின் நிழலைத் தட்டையான தாளில் விழச்செய்தாற் போன்றது அது. அதிலே புறப்படும் துறையையும் சேரும் துறையையும் நேர்கோட்டால் இணைத்து, அக்கோட்டின்மேல் ஐந்து பாகை நெடுங்கோட்டுக்கு ஒரு புள்ளியாகக் குறித்து, அப்புள்ளிகளை மேர்க்கேற்றர் படத்துக்கு மாற்றுவான். பின்னர் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு மாறாத்திசையிற் செல்வான். சிறு சிறு நேர்வழிகளைத் தொடுத்து ஒரு பெருவளைவை அமைக்கிறான். ஓர் அறிஞர் கண்ட வழியும் மற்றோர் அறிஞர் வகுத்த படமும் அவன் மேசையின்மீது பகை நீங்கி ஒன்றுக்கொன்று துணையாகின்றன.

இன்று செயற்கைக் கோள்கள் கப்பலின் இடத்தைச் சில மீற்றருக்குள் காட்டுகின்றன. இரு வழிகளின் தூரத்தையும் கணிப்பொறி நொடியிற் கூறிவிடுகிறது. யோக்கோகாமாவிலிருந்து சன்பிரான்சிஸ்கோவுக்குப் பெருவட்ட வழி ஏறக்குறைய 250 கடல் மைல் குறைந்தது; அவ்வழி 48 பாகை வடக்குக்கு மேலே ஏறும் என்பதையும் அதுவே காட்டும். ஆனால் மாரிகாலத்தில் அவ்வட பசிபிக் கடலில் எழும் புயலை எதிர்த்து ஓடுவதா, சற்றுத் தெற்கே விலகி அமைதியான நீரிற் செல்வதா என்பதைக் கப்பற்றலைவனே தீர்மானிக்கவேண்டும். வானிலை அறிஞர் அவனுக்கு ஆலோசனை கூறுவர். எனினும் பொறுப்பு அவனுடையதே. மிச்சம் பிடித்த மைல்கள், புயலில் வேகம் குறைவதனாலும் சரக்கு சேதமாவதனாலும் பறிபோவதுண்டு.

ஆகவே பெருவட்டமா, மாறாத்திசையா என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை. மத்தியகோட்டை அண்மிய கடலிலும் குறுந்தூரப் பயணத்திலும் மாறாத்திசை வழியே போதும். அங்கே பெருவட்டம் தேடுவது வீண் கணக்கு. உயர்ந்த அகலக்கோடுகளில் நெடுந்தூரம் கிழக்கு மேற்காகச் செல்பவன் பெருவட்டத்தை அறியாதிருப்பது அறியாமை; அதனை அறிந்து, நிலத்தையும் பனியையும் காற்றையும் எண்ணாது அதன் வழியே கண்ணை மூடிக்கொண்டு ஓடுவது பேதைமை. மிச்சமாகும் ஒவ்வொரு மைலுக்கும் கொடுக்க நேரும் விலை யாது என்று முதலிற் கேட்டு, அதன் பின்னரே தவுசன் காட்டியபடி எல்லைக்கோட்டை வகுத்துக்கொள்பவனிடத்தில், கப்பலேறிய மக்கள் தம் குழந்தைகளை நம்பி ஒப்படைக்கலாம்.